சாப்பிட ஓர் அறை

அக்கா வீட்டில் நவராத்திரிக்கு ஒன்பது நாள் கொலு என்றால், அக்கா மகன் அறையில் வருஷம் முழுக்கக் கொலு. முப்பது வயது தாண்டிய பிள்ளை. துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் போர் விமானம், பீரங்கி வண்டி, விரல் உயரச் சிப்பாய் என எல்லாவற்றையும் ஒட்டி, பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து வண்ணம் தீட்டுவான். சிப்பாயின் பித்தானுக்கு ஒரு நிறம், பித்தானின் ஓரத்துக்கு இன்னொரு நிறம். அதற்கென்றே கண் சொட்டு மருந்துக் குப்பி மாதிரி 17, 18 மில்லி பாட்டில்களில் அக்ரிலிக் பெயின்ட் வருகிறது. விலை எனக்குத் தெரியும். அக்காவிடம் சொன்னதில்லை.

போன வாரம் போனபோது கேட்டான்: "மாமா, இந்த மாதிரி பெயின்ட் செய்யற வெளிநாட்டு ஃபேக்டரி ஒண்ணுல ஸ்டிரைக்காம். உள்ள நிலைமை ரொம்ப மோசம்னு சொல்றாங்க. நாங்க வாங்குறத நிறுத்தணுமா, வேணாமா? எங்க குரூப்ல ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு அடிச்சுக்கறாங்க."

"பொம்மைக்குப் பூசற சாயத்துக்கெல்லாமா ஸ்டிரைக்?" என்று அவன் அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சிரித்தார்.

அவர் சிரித்ததில் ஆச்சரியமில்லை. வாங்குகிறவருக்கு அது விளையாட்டுச் சாமான். ஆனால் சாமான் சின்னது என்பதற்காக ஆலையும் சின்ன விஷயமாகிவிடாது. வெள்ளை நிறத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. மாவு போன்ற தூள். மூட்டை மூட்டையாக ஆலைக்கு வந்து இறங்கும். மூட்டையைப் பிரித்துக் கலவைத் தொட்டியில் கொட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். கொட்டும்போது எழும் புழுதியை இழுத்துக்கொள்ளும் ஃபேன் ஓடுகிறதா, அவர் முகத்தில் ஒழுங்கான மாஸ்க் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாட்டிலுக்குள் அதே தூள் பசையோடு சேர்ந்து ஈரமாக அடங்கிவிடுகிறது. அக்கா மகன் பிரஷ்ஷால் தீட்டுகிறவரை அவனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

இந்தத் தூளை மூச்சில் இழுத்தால் மனிதருக்குப் புற்றுநோய் வரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2006-ல் வகைப்படுத்தியது. எலிகளில் நடந்த ஆய்வுகளே முக்கிய ஆதாரம். ஐரோப்பிய ஒன்றியமும் அதையொட்டி ஒரு வகைப்பாடு கொண்டுவர, உற்பத்தியாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2022 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ரத்து செய்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லும் படிப்பு எனக்கில்லை. ஆனால் இரண்டு தரப்பும் சண்டை போட்டது தூளைப் பற்றி. அந்தத் தூளை நேரில் பார்ப்பவர் மூட்டை பிரிக்கிற ஆள்தான். கடையில் வாங்குகிறவர் அல்ல.

தண்ணீரில் கரையும் பெயின்ட் பாட்டிலுக்குள் கெட்டுப்போகாமலிருக்க ஐசோதயசோலினோன் வகை மருந்து சேர்ப்பார்கள். பாட்டிலில் அது இருப்பது துளியிலும் துளி. ஆலைக்கு வருவதோ செறிவான திரவமாக. கையில் பட்டால் சிலருக்குத் தோல் வெந்து அரிக்கும்; ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க விடாது. இதெல்லாம் போக, சில்லறை வேலை. இத்தகைய கம்பெனிகள் நூற்றுக்கணக்கான ஷேடு விற்கின்றன. ஷேடு மாறும்போதெல்லாம் தொட்டியைக் கழுவ வேண்டும், குழாயைக் கழுவ வேண்டும். வீட்டுச் சுவருக்கு 20 லிட்டர் வாளி நிரப்புகிற இடத்தில், இங்கே அதே 20 லிட்டருக்கு ஆயிரத்துக்கும் மேல் பாட்டில், ஆயிரத்துக்கும் மேல் மூடி, ஆயிரத்துக்கும் மேல் லேபிள்.

அந்த லேபிளில் "நச்சற்றது" என்று போட்டிருக்கும். பொய்யில்லை. ஆனால் அந்த உத்தரவாதம் பாட்டிலைத் திறக்கிறவருக்கு மட்டும். நம் ஊர்ச் சட்டமும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் மத்திய அரசு விதி போட்டது. நல்ல விதி. அது வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் பூசுகிற பெயின்ட்டுக்கு மட்டும்.

வாங்குகிறவர் பத்திரமாக இருக்க, செய்கிறவர் செத்துப்போன கதை பெயின்ட் உலகில் ஏற்கெனவே உண்டு. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஆரஞ்சு நகரில் ஒரு ஆலை. ரேடியம் கலந்து இருட்டில் ஒளிரும் "அன்டார்க்" என்ற பெயின்ட்டைச் செய்தது. கடிகார முள்ளுக்கும் எண்ணுக்கும் பூசுவதற்கு. வீட்டிலேயே பூசிக்கொள்ளச் சின்னத் தொகுப்பாகவும் விற்றார்கள். இன்றைய ஹாபி பெயின்ட் மாதிரிதான். ஆலையில் எண்களை எழுதிய இளம்பெண்களிடம், பிரஷ் முனை கூராக இருக்க உதட்டில் வைத்துத் திருகச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு திருகலுக்கும் கொஞ்சம் ரேடியம் வாய்க்குள் போனது. அதே கட்டடத்தில் ரேடியத்தைக் கையாண்ட விஞ்ஞானிகள் ஈயத் தடுப்பும் இடுக்கியும் வைத்திருந்தார்கள். பெண்களுக்குப் பல் விழுந்தது, தாடை எலும்பு அரித்தது. 1927-ல் ஐந்து பெண்கள் வழக்குப் போட்டு, மறு வருஷம் ஆளுக்குப் பத்தாயிரம் டாலரும் ஆண்டுப் பணமும் வாங்கினார்கள். வாங்கியபோது அவர்கள் சாவின் விளிம்பில் இருந்தார்கள். அவர்களுக்குச் சங்கம் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு வக்கீல்.

சங்கமும் இல்லாமல், வக்கீலும் இல்லாமல் ஜெயித்தவர்கள் லண்டன் தீப்பெட்டிப் பெண்கள். அக்கா மகன் கேட்ட கேள்விக்குப் பதில் அவர்களிடம்தான் இருக்கிறது.

கிழக்கு லண்டனில் போ பகுதியில் பிரையன்ட் அண்ட் மே தீக்குச்சி ஆலை. 1888 ஜூனில் அன்னி பெசன்ட் அதைப் பற்றித் தம்முடைய "தி லிங்க்" பத்திரிகையில் எழுதினார். நம் அடையாறு அன்னி பெசன்ட்தான்; அப்போது அவர் இந்தியா வரவில்லை, தியாசபியிலும் சேரவில்லை. கோடையில் காலை ஆறரைக்கு நுழைந்தால் மாலை ஆறு வரை நின்றுகொண்டே வேலை. பதினாறு வயதுப் பெண்ணுக்கு வாரம் நாலு ஷில்லிங். அதிலும் அபராதம். கால் அழுக்காக இருந்தால் மூன்று பென்னி. மேஜைக்கு அடியில் தரை ஒழுங்காக இல்லாவிட்டால் மூன்று பென்னி. தாமதமாக வந்தால் அரை நாள் வெளியே நிறுத்திச் சம்பளப் பிடிப்பு. பங்குதாரர்களுக்கோ 20 விழுக்காட்டுக்கு மேல் லாப ஈவு.

சம்பளத்தில் பிடித்ததிலேயே நம்ப முடியாதது சிலைக் காசு. முதலாளிகளில் ஒருவர் பிரதமர் கிளாட்ஸ்டனுக்கு 1882-ல் சிலை வைத்தார். தொழிலாளர் பங்கு என்று பெண்களின் சம்பளத்தில் ஆளுக்கு ஒரு ஷில்லிங் கழிக்கப்பட்டது என்று பெசன்ட் எழுதினார். கோபத்தில் சில பெண்கள் கையைக் கீறி அந்தச் சிலைமேல் ரத்தம் சிந்தியதாக ஒரு பேச்சு இருந்ததையும் குறிப்பிட்டார். போ சாலையில் அந்தச் சிலை இன்னும் நிற்கிறது. அதன் கைகளுக்குச் சிவப்பு பெயின்ட் பூசியிருக்கிறார்கள். கழுவினாலும் யாராவது மறுபடி பூசிவிடுகிறார்கள்.

பெசன்ட் தம் கட்டுரையின் முடிவில் கேட்டது வேலைநிறுத்தம் அல்ல. இந்தக் கம்பெனித் தீப்பெட்டியை வாங்காதீர்கள் என்று வாசகர்களைத்தான் கேட்டார். கட்டுரையில் இருப்பதெல்லாம் பொய் என்று கையெழுத்துப் போடச் சொல்லிக் கம்பெனி பெண்களிடம் தாளை நீட்டியது. போட மறுத்தார்கள். ஒரு பெண்ணை வேலையைவிட்டு நீக்கியதும், ஜூலை முதல் வாரத்தில் சுமார் 1,400 பேர் வெளியே வந்துவிட்டார்கள். நோட்டீஸ் இல்லை, வேலைநிறுத்த நிதி இல்லை, முன்கூட்டிய திட்டமும் இல்லை. ஃபிளீட் தெருப் பக்கம் இருந்த பெசன்ட்டின் அலுவலக வாசலில் கூட்டமாக வந்து நின்றபோதுதான் அவருக்கே விஷயம் புரிந்தது. பெசன்ட் தலைமை தாங்கி நடத்திய போராட்டம் என்று பள்ளிப் புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. வரலாற்றாய்வாளர் லூயிஸ் ரா 2009-ல் வெளியிட்ட நூலில் அந்தப் பெருமையைப் பெண்களுக்கே திருப்பிக் கொடுத்தார். பெசன்ட்டின் பங்கை நான் குறைக்க மாட்டேன். பணம் திரட்டினார், நாடாளுமன்றம் வரை கூட்டிப்போனார். ஆனால் முதல் அடி அவருடையது அல்ல.

ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கம்பெனி இறங்கிவந்தது. அபராதம் ஒழிந்தது. நீக்கியவர்களைத் திரும்ப எடுத்தார்கள். சாப்பிடத் தனி அறை தர ஒப்புக்கொண்டார்கள்.

இந்த அறையைச் சாதாரணமாகக் கடந்துபோகக் கூடாது. அந்த ஆலையில் தீக்குச்சி மருந்து வெள்ளைப் பாஸ்பரஸ். வேலை செய்கிற மேஜையிலேயே ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்டால் அதுவும் சேர்ந்து உள்ளே போகும். பல்வலியில் ஆரம்பித்துத் தாடை எலும்பு அழுகி, நாற்றமெடுத்து, முகம் உருக்குலைந்துபோகும் நோய் அதனால் வருவது. அதற்குத் தொழிலாளர்கள் வைத்திருந்த பேர் "பாஸி ஜா". அந்தப் பெண்கள் கேட்டது வசதி மாதிரி தெரியும். உண்மையில் தாடையைக் காப்பாற்றக் கேட்டார்கள். அதற்குப் பிறகும் கம்பெனி வெள்ளைப் பாஸ்பரஸை விட 1901 ஆயிற்று. இந்தியாவில் அந்தத் தீக்குச்சியைச் சட்டம் போட்டுத் தடுத்தது 1913-ல். சிவகாசியில் 1923-ல் தீப்பெட்டித் தொழில் தொடங்கியபோது அந்த விஷம் மட்டுமாவது சட்டப்படி வெளியே போய்விட்டிருந்தது.

வாங்குவதை நிறுத்தணுமா என்று கேட்டவனுக்கு நான் சொன்னது இதுதான்: வேலையை நிறுத்தியவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று முதலில் பார். வாங்காதே என்று அவர்களே கேட்டால் வாங்காதே. கேட்கவில்லை என்றால், நீயாக உத்தமனாகி ஆர்டரைக் குறைத்து, அதைக் காட்டியே முதலாளி ஆள் குறைக்க வழி செய்துகொடுக்காதே. கம்பெனிக்கு எழுது. நான் உங்கள் வாடிக்கையாளன், ஃபேன் போட்டீர்களா, மாஸ்க் கொடுத்தீர்களா, சங்கத்தோடு பேசினீர்களா என்று கேள். அந்தக் கடிதத்துக்கு மதிப்பு உண்டு.

இதை வெறும் ஆசையில் சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் 2021 டிசம்பரில் சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் செத்துவிட்டதாக வதந்தி பரவி, பெண்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஓர் அறையில் எத்தனை பேர், கழிப்பறையில் தண்ணீர் வந்ததா என்பதையெல்லாம் உலகம் அதற்கப்புறம்தான் விசாரித்தது. ஐபோனுக்குச் சொந்தக்காரரான ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைப்பதாக அறிவித்தது. சாலையில் பெண்கள் உட்காராமல் போயிருந்தால் கலிபோர்னியாவில் யாரும் அந்த விடுதிச் சோற்றைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள். வாங்குகிறவர் கைக்குப் பலம் உண்டுதான். அது இரண்டாவது கை.

சாப்பாட்டறை விஷயத்தில் நம் சட்டம் முன்னேறியிருக்கிறது. 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் 150 பேருக்கு மேல் இருந்தால்தான் ஓய்வறையும் உணவறையும் கட்டாயம் என்றது. புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் அதை 50 பேருக்கு மேல் என்று இறக்கியிருக்கிறது. வரவேற்கிறேன்.

கூடவே வந்த இன்னொரு தொகுப்பு, தொழிலுறவுச் சட்டம், 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. முன்பு வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்புத் தர வேண்டிய சட்டக் கட்டாயம் மின்சாரம், ரயில் மாதிரிப் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்குத்தான். இப்போது எந்த ஆலையானாலும் நோட்டீஸ் கொடுத்து 14 நாள் காத்திருக்க வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்து ஏழு நாள் வரையும் வேலையை நிறுத்தக் கூடாது. பாதிப் பேர் சேர்ந்தாற்போல ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தக் கணக்குதான். தோழியை நீக்கினார்கள் என்று அன்றைக்கே எழுந்து வெளியே வருவது இந்தச் சட்டப்படி குற்றம். வருகிற தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.