பாதி விலை யானைக்கு முழுத் தீனி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும், வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டப்போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். பெரும்பாலோரிடம் இதற்குப் பதில் இருக்காது. எத்தனை குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை விநாடி என்பதெல்லாம் மனப்பாடம். புதுசு என்ன விலை, செகண்ட் ஹாண்ட் என்ன விலை, எவ்வளவு மிச்சம் என்பதும் விரல்நுனியில் இருக்கும். ஓட்டப்போகும் கணக்கை மட்டும் போட்டிருக்க மாட்டார்கள். அது தெரியாமல் புதுசா பழசா என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

ஷோரூம் விலை ஒரு கோடி ரூபாய் உள்ள காரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி 20 சதவீதம். சாவி கைக்கு வருவதற்குள் 20 லட்சம் போய்விடுகிறது, இன்ஷூரன்ஸ் தனி. அதன் பிறகு கார் எப்படித் தேய்கிறது என்பதற்கு எல்லோர் வீட்டிலும் ஓர் அளவுகோல் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் பாலிசியில் ஐ.டி.வி., அதாவது காரின் காப்பீட்டு மதிப்பு, என்று அச்சிட்டிருக்கும் தொகைதான் அது. ஆறு மாதம் வரை 5 சதவீதம் கழிவு, ஒரு வருஷம் வரை 15, இரண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. சந்தை விலை இதை அப்படியே பின்பற்றாது. நல்ல பெயர் உள்ள கார் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், பெயர் கெட்டது இதைவிட வேகமாகச் சரியும். ஆனால் போகும் திசை இதுதான். இந்தக் கழிவும் ஷோரூம் விலையை வைத்துப் போடுவது. கட்டிய ஆயுள் வரி இதில் சேராது.

ஐந்து வருஷம் கழித்து 50 லட்சத்துக்கு விற்றால், காரில் 50 லட்சம், வரியில் 20 லட்சம், ஆக 70 லட்சம் நஷ்டம். வருஷத்துக்கு 14 லட்சம். வருஷம் 5,000 கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் கிலோமீட்டருக்கு 280 ரூபாய். லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுத்தால், பெட்ரோலை 100 ரூபாய் என்று வைத்து, கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை ரூபாய். இத்தனைக்கும் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவரிடம் எல்லோரும் விசாரிப்பது மைலேஜைத்தான். இருப்பதிலேயே சின்னச் செலவு அதுதான். பெரிய செலவுக்கோ பில்லே வருவதில்லை. விற்கிற அன்றைக்கு மொத்தமாகத் தெரியும்.

அதே காரை ஐந்தாவது வயதில் 50 லட்சத்துக்கு வாங்கியவரைப் பார்ப்போம். உள்ளூர்ப் பதிவுள்ள கார் என்றால் முதல் சொந்தக்காரர் கட்டிய ஆயுள் வரி காரோடு வந்துவிடும். இவரும் ஐந்து வருஷம் வைத்திருந்து 25 லட்சத்துக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நஷ்டம் வருஷத்துக்கு 5 லட்சம், அதே 5,000 கிலோமீட்டருக்குக் கிலோமீட்டருக்கு 100 ரூபாய். எங்கே 280, எங்கே 100? பழசு பக்கம் சாய்கிறவர்கள் இந்த இடத்தில் கணக்கை மூடிவிடுகிறார்கள். பாதிக் கணக்குதான் முடிந்திருக்கிறது.

யானையைப் பாதி விலைக்கு வாங்கினாலும் தீனி பாதியாகாது. 50 லட்சத்துக்கு வாங்கிய கார், பட்டறைக்குள் போனால் ஒரு கோடி ரூபாய்க் கார்தான். அதன் பிரேக் டிஸ்க்குக்கும், எலெக்ட்ரானிக் ஷாக் அப்சார்பருக்கும், இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸுக்கும் கார் இத்தனை கைமாறிவிட்டது என்று யாரும் விலையைக் குறைப்பதில்லை. ஒரு செட் டயரே லட்சத்தைத் தாண்டும். அதுவும் ஐந்து வயதுக்கு மேல்தான் ரப்பர் புஷ்கள், வாட்டர் பம்ப், கூலன்ட் குழாய்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரிக்கும். இந்த ரகத்துக்கு, புது விலையில் நூற்றுக்கு நாலு வீதம் வருஷா வருஷம் ஒதுக்க வேண்டும் என்பது என் கணக்கு. ஒரு கோடி ரூபாய்க் காருக்கு 4 லட்சம். சேர்த்தால் பழைய காருக்குக் கிலோமீட்டர் 180 ரூபாய் ஆகிறது. இப்போதும் லாபம் பழசில்தான். ஆனால் புதுக்காரின் நஷ்டம் சத்தமில்லாமல் கரையும். பழைய காரின் செலவு ஒரே நாளில் பில்லாக வந்து நிற்கும். பலர் தடுமாறுவது அந்த நாளில்தான்.

அந்த பில்லை இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் பாலிசியின் கழிவுப் பட்டியலை ஒருமுறை படித்துவிட வேண்டும். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்கள், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் பாதிதான் கிடைக்கும். ஐந்து முதல் பத்து வயதுள்ள காரில் உலோகப் பாகத்துக்கு 40 சதவீதம் நம் கையைக் கடிக்கும். தேய்மானம் பார்க்காமல் முழுத்தொகை தரும் கூடுதல் பாதுகாப்பு, காருக்கு வயது ஏற ஏறக் கிடைப்பது அரிது. தரையோடு தரையாக ஓடும் காரில் முதலில் அடிபடுவது முன்பம்பர். நம் தெருக்களின் ஸ்பீட் பிரேக்கர்கள் எந்த அளவில் போடப்படுகின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த பம்பரில் பாதி நம் பணம். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பந்தயம், வேகச் சோதனை இரண்டையும் சாதாரண மோட்டார் பாலிசி ஏற்காது.

பழைய காரைப் பார்வையிடுவது தனிக் கலை. நண்பர் ஒருவர் வாங்க நினைத்த இரண்டு கதவு ஜெர்மன் காரை, கிண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு பட்டறைக்கு எடுத்துப்போனோம். பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. மெக்கானிக் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார், சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தார். கடைசி ஒரு முழம் மட்டும் நிறம் மாறி, ஓரமெல்லாம் காய்ந்த சேற்றின் பழுப்புக் கோடு. “டயர் மாத்தலாம், பெயின்ட் அடிக்கலாம், சார். இதை யாரும் கழட்டிக் கழுவ மாட்டாங்க” என்றார். பிறகு இருக்கைக்கு அடியில் தண்டவாளத்தைத் தடவி, விரலில் ஒட்டிய துருவைக் காட்டினார். வெள்ளத்தில் நின்ற கார். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் மூழ்கிய நகரம் சென்னை. அப்போது நனைந்த கார்களில் துடைத்து வண்ணம் பூசிக் கைமாறியவை உண்டு. வயரிங்கிலும் கன்ட்ரோல் யூனிட்டிலும் புகுந்த நீர் வருஷக்கணக்கில் வேலை காட்டும். நண்பர் அந்தக் காரை விட்டுவிட்டார். அவருக்காக நான் நிம்மதிப்பட்டேன்.

பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம். கோடுகள் ஆழமாக இருந்தாலும் ஆறேழு வயதான டயர் இறுகிப்போயிருக்கும், மழையில் பிடிக்காது. போர்ஷே கார்களில் எஞ்சின் கம்ப்யூட்டரே சாட்சி சொல்லும். எந்த அளவு வரம்பு மீறிச் சுழன்றது, எத்தனை முறை என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். கருவியை மாட்டினால் தெரிந்துவிடும். ஓடோமீட்டரில் குறைந்த கிலோமீட்டர் இருப்பதைவிட இந்தப் பதிவும் சர்வீஸ் ரெக்கார்டும் சுத்தமாக இருப்பதே பெரிது.

எந்தக் கார் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். ஒவ்வொரு மாடலுக்கும் தெரிந்த நோய் ஒன்று உண்டு. போர்ஷே பாக்ஸ்டர் 1996-இல் வந்தது. அதன் எஞ்சினுக்குள் ஒரு துணைத் தண்டு. அதைத் தாங்குவது ஒரு பேரிங். அது உடைந்தால் எஞ்சினே போச்சு. அதே காலத்து 911 கார்களிலும் டர்போ, ஜிடி ரகங்கள் தவிர மற்றவற்றில் இதே அமைப்புதான். 2000-ஐ ஒட்டி இரட்டை வரிசை பேரிங்கை ஒற்றை வரிசையாக்கினார்கள், தொல்லை கூடியது. 2006 முதல் 2008 வரை வந்தவற்றில் பெரிய பேரிங் வைத்தார்கள். அது பரவாயில்லை, ஆனால் எஞ்சினைப் பிளக்காமல் மாற்ற முடியாது. 2009 மாடலில் வந்த புது எஞ்சினில் அந்தத் தண்டே இல்லை. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் 2008 கார், 2009 கார் இரண்டுக்கும் இடையில் இத்தனை தூரம். விவரம் தெரிந்தவர்கள் பழைய பாக்ஸ்டரில் கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போதே இந்த பேரிங்கையும் மாற்றிவிடுவார்கள். அந்த ரசீது கோப்பில் இருக்கும் கார், இல்லாத காரைவிட எவ்வளவோ மேல். விலை கூடுதலாகக் கேட்டால் தயங்காமல் கொடுக்கலாம்.

கார் எங்கே தயாராகிறது என்பதும் செலவைத் தீர்மானிக்கும். ஃபோர்டு மஸ்டாங் 2016-இல் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலை 65 லட்சம். 5 லிட்டர் வி8 எஞ்சின், அமெரிக்காவிலிருந்து முழுதாக இறக்குமதி. மறைமலை நகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டு 2021-இல் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அதே 2021-இல் பி.எம்.டபிள்யூ எம்340ஐ வந்தது. அது சென்னையை அடுத்து 2007-இல் தொடங்கிய ஆலையில் பூட்டப்படுவது, வந்தபோது விலை 62.90 லட்சம், நூறைத் தொட 4.4 விநாடி. செடான்தான், ஆனால் ஓட்டத்தில் ஸ்போர்ட்ஸ் கார்களோடு நிற்கும். இன்றைக்கு இரண்டையும் செகண்ட் ஹாண்டில் பார்த்தால் மஸ்டாங் மனத்தை அள்ளும். அதன் கதவோ விளக்கோ கடல் கடந்து வர வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. தினமும் ஓட்ட நினைப்பவருக்கு நான் எம்340ஐயைத்தான் சொல்வேன். மஸ்டாங்கை விரும்புகிறவர், வீட்டில் இன்னொரு கார் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

பழைய காரின் மதிப்பு வரிச் சுவரின் மேல் நிற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். புதிய கார் விலை ஏறினால் பழையதும் ஏறும், இறங்கினால் இறங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு, செஸ்ஸோடு சேர்த்து 50 சதவீதம் வரை இருந்த ஜி.எஸ்.டி. 40 ஆனது. அதற்கு முந்தைய மாதம் வாங்கியவரின் காரும் அன்றே இறங்கிவிட்டது. 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய–பிரிட்டன் ஒப்பந்தம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் வரும் கார்களின் சுங்க வரியை நூற்றுக்கு மேலிருந்து படிப்படியாக 10 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறது. முழு இறக்குமதிக் காரை முதலீடு என்று சொல்லி விற்பவர்களிடம் இதைக் கேளுங்கள். வேற்று மாநிலப் பதிவில் மலிவாகக் கிடைக்கிறது என்பவர்களிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். அந்த மாநிலத்தின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, காரின் வயதுக்கேற்ற ஆயுள் வரியை இங்கே கட்டிய பிறகும் அது மலிவுதானா? ஒரு கார் 12 மாதத்துக்கு மேல் இங்கே தங்கினால் பதிவை மாற்றியாக வேண்டும் என்பது சட்டம்.

இத்தனையும் நான் சொல்வதற்குக் காரணம் ஒன்றே. ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டது. அளவுக்கு மீறி வாங்கியவர் செலவுக்குப் பயந்து அதை உறை போட்டு நிறுத்திவிடுகிறார். நிற்கும் கார் நலமாக இருப்பதில்லை. பேட்டரி செத்துப்போகும், டயர் ஒரு பக்கம் தட்டையாகும், சீல்கள் காய்ந்து எண்ணெய் கசியும், நம் ஊரில் எலி வயரைக் கடிக்கும். ஓட்டாமல் மிச்சம் பிடித்த பணத்தைவிட அதிகமாகப் பட்டறையில் கொடுக்க வேண்டியிருக்கும். எத்தனை அருமையான எஞ்சின்கள் அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் இப்படி வீணாகின்றன என்று பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

ஆகவே, ஓட்டும் கணக்கிலிருந்து தொடங்குங்கள். வருஷம் 10,000 கிலோமீட்டர் ஓட்டி, பத்து வருஷம் வைத்திருப்பவருக்குப் புதுசும் நியாயமே. நம் ஒரு கோடி ரூபாய்க் கார் அப்போது 25 லட்சத்துக்குப் போனாலும் கிலோமீட்டருக்கு 95 ரூபாய்தான் தேயும். ஐந்து வருஷத்தில் மாற்றிவிடுகிறவர் மூன்று முதல் ஐந்து வயதுள்ள, உள்ளூரில் பூட்டிய, ரசீதுக் கோப்பு முழுதாக இருக்கிற காரைப் பார்க்கட்டும். கம்பெனியே சோதித்து வாரன்ட்டியோடு தருவதானால் கூடக் கொடுக்கலாம். கையில் 50 லட்சம் இருந்தால் 50 லட்சத்துக்குக் கார் தேடாதீர்கள், 40-க்குத் தேடுங்கள். மிச்சப் பத்து லட்சம் அன்றைக்கே காருக்கு எழுதிவைத்த பணம். முதல் இரண்டு வருஷம் அதை வேறெதற்கும் தொடக்கூடாது. அதை ஒதுக்க மனம் வராதவர்கள் ஒரு படி சின்னக் காரை வாங்கி, ஞாயிறுதோறும் விடியற்காலையில் ஈ.சி.ஆரில் ஆசை தீர ஓட்டட்டும். ஓடுகிற சின்னக் காரில்தான் கொடுத்த பணத்துக்கு உண்டான மதிப்பு இருக்கிறது.