மெர்லோவுக்கு ஊர் இருக்கு, நம்ம டீக்கு ஏன் இல்லை?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுட்டே வந்த விஷயம். கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்கங்க.

நம்ம சாஃப்ட்வேர் கூட்டத்துல ஒரு வியாதி இருக்கு. ஆன்சைட் போய்ட்டு வந்த பாதிப் பேர் ஒயின் நிபுணர் ஆயிடறாங்க. கிளாஸைச் சுத்தி, மூக்கை உள்ள விட்டு, "இது போர்தோ, வலது கரை, மெர்லோ, களிமண் நிலம்"னு சொல்றாங்க. சந்தோஷம். அதே ஆள்கிட்ட "காலையில குடிச்சீங்களே ஒரு டீ, அது எந்த ஊர்த் தோட்டம்?"னு கேட்டுப் பாருங்க. பாக்கெட்டுல இருக்குற கம்பெனி பேரைச் சொல்வார். அவரைக் குத்தம் சொல்லி என்ன பண்றது? பாக்கெட்டுல ஊர் பேர் இருந்தாத்தானே சொல்ல முடியும்!

நான் கோத்தகிரிக்காரன். வீட்டுல ரெண்டு ஏக்கர் தேயிலை இருக்கு. அதனால இந்தக் கேள்வி எனக்கு பொழுதுபோக்கு இல்லை.

முதல்ல பிரான்ஸ் கதை. பொமரோல்னு ஒரு சின்ன ஊர். அங்க லு பேன்னு ஒரு தோட்டம் (தலையில ஊர்ற பேன் இல்லீங்க, பிரெஞ்சுல பைன் மரம்). 1979-ல தியன்போன்னு ஒரு பெல்ஜியக் குடும்பம் அதை வாங்குச்சு. வாங்கும்போது அளவு சுமார் ஒரு ஹெக்டேர், அதாவது நம்ம கணக்குல ரெண்டரை ஏக்கர். கோட்டையும் இல்லை, கோபுரமும் இல்லை. ஒரு பழைய பண்ணை வீடு, அவ்வளவுதான். முழுக்க மெர்லோ திராட்சை. இன்னிக்கும் அது மூணு ஹெக்டேரைத் தாண்டல. ஆனா ஒரு பாட்டில் லட்ச ரூபாய்க்கு மேல போகுது.

ரெண்டரை ஏக்கர்! எங்க ஊர்ல அந்த அளவு நிலம் வச்சிருக்குறவருக்குப் பேரு "சிறு விவசாயி". கூட்டம் போட்டு "நீங்க தரமா பறிக்கணும்"னு அட்வைஸ் பண்ணிட்டுப் போவாங்க.

மண்ணு, மழை எல்லாம் முக்கியம்தான், இல்லேங்கல. ஆனா அந்த மண்ணோட பேரு பாட்டில் வரைக்கும் வந்து சேர்ந்ததுதான் பெரிய விஷயம். அதுவும் தானா நடக்கல. ஒரு காலத்துல போர்தோவுல தோட்டக்காரர் ஒயினைப் பீப்பாயில ஊத்தி நகரத்து வியாபாரிகிட்ட கொடுத்துடுவார். பாட்டில்ல அடைக்கிறது வியாபாரி. 19-ஆம் நூற்றாண்டுல வேற பிரதேசத்து ஒயினைக் கலந்து விக்கிறதும் சகஜம். 1924-ல இடது கரையில மூத்தோன் தோட்டத்து ஃபிலிப் த ரோத்ஷில்ட் "என் சரக்கு முழுசையும் இனி என் தோட்டத்துலயே அடைப்பேன்"னு ஆரம்பிச்சார். 1935-ல ஊர்ப் பேருக்கே சட்டப் பாதுகாப்பு வந்துச்சு.

இப்ப நீலகிரிக்கு வாங்க. நாம இன்னும் 1924-க்கு முன்னாடி நிக்கிறோம்.

காலையில பறிச்ச கொழுந்து, மதியம் ஏஜெண்ட் வண்டியில ஏறும். சாயங்காலம் ஃபேக்டரியில நூறு தோட்டத்து இலையோட ஒண்ணாக் கொட்டப்படும். எங்க தோட்டத்தோட பேரு செத்துப் போறது அந்த நிமிஷத்துல. அப்புறம் சிடிசி மிஷின்ல அரைபட்டு, பெரும்பாலும் 1963-லிருந்து நடக்குற குன்னூர் ஏலத்துக்குப் போகும். வாங்குறவர் அதை இன்னும் பல ஊர்த் தூளோட கலந்து, ஒரு சிரிக்கிற குடும்பத்தைப் படம் போட்டு வித்துடுவார்.

விலை? இலையைக் கொடுக்கும்போது தெரியாது! ஏலத்துல கிடைச்ச விலையை வச்சு, 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு ஃபேக்டரிக்குன்னு ஒரு சூத்திரம். அதுல மாவட்டச் சராசரியைத் தேயிலை வாரியம் மாசா மாசம் அறிவிக்கும். சில இடத்துல கூடக் குறைய கிடைக்கலாம். ஆனா அடிப்படை சராசரிதான். ரெண்டு இலை ஒரு கொழுந்துன்னு பார்த்துப் பார்த்துப் பறிச்சவருக்கும், அரிவாளால வெட்டி மூட்டை கட்டினவருக்கும் நடுவுல ஒரு சராசரி. போன மழைக்காலத்துல எங்க இலையை "ஈரம்"னு சொல்லி எடையில கழிச்சாங்க. நல்லா இருந்த நாள்ல மட்டும் யாரும் கூட்டிக் கொடுத்ததா ஞாபகம் இல்லை. இந்த லட்சணத்துல தரத்தைப் பத்தி வகுப்பு வேற!

"நீலகிரி டீ சுமார்தான் பாஸ், அதான் விலை இல்லை"ன்னு ஒரு நண்பர் சொன்னார். ஐயா, தியாஷோலாவுல 1859-லயே தேயிலை நட்டாங்க. 2006-ல லாஸ் வேகாஸ் ஏலத்துல ஒரு நீலகிரி டீ கிலோ 600 டாலருக்குப் போச்சு. டிசம்பர், ஜனவரி உறைபனியில பறிக்கிற இலைக்கு உலகத்துல தனி மவுசு இருக்கு. மலையும் பனியும் ஒண்ணுதான். எஸ்டேட் பேரோட போனா மரியாதை, பேரில்லாம போனா டஸ்ட்.

2008-ல புவிசார் குறியீடும் வந்துச்சு. ஆனா அது ஆர்த்தடாக்ஸ் முறைத் தேயிலைக்கு. சிறு விவசாயி இலை பெரும்பாலும் சிடிசி ஆகுது. அப்ப அந்த முத்திரையால எங்கப்பாவுக்கு என்ன லாபம்?

அடுத்த கேள்வி வரும்: "திராட்சையைக் கொட்டகையில பிழியலாம், தேயிலைக்கு ஃபேக்டரி வேணுமே?" நியாயம்தான். அதுக்குத்தான் கூட்டுறவு. செயிண்ட் எமிலியோன் சிறு விவசாயிகள் 1930-கள்லயே கூட்டுறவு அமைச்சு, சில உறுப்பினர்களோட தோட்டத்துச் சரக்கைத் தனியா வடிச்சு அவங்க தோட்டப் பேர்லயே விக்கிறாங்க. நம்மகிட்டயும் 1965-லிருந்து இண்ட்கோசர்வ் இருக்கு, 16 கூட்டுறவு ஃபேக்டரி இருக்கு. ரேஷன் கடையில ஊட்டி டீன்னு ஒரு பாக்கெட் வந்தது நல்ல விஷயம்தான். ஆனா மஞ்சூர் இலையும் கோத்தகிரி இலையும் ஒரே "ஊட்டி" ஆயிடுச்சே! வாரத்துல ஒரு நாள், ஒரு மிஷின், ஒரு ஊர் இலை மட்டும் ஓட்டி, ஊர் பேரும் பறிச்ச மாசமும் போட்டு விக்க ராக்கெட் விஞ்ஞானமா வேணும்?

"போர்தோவே இப்ப திண்டாடுதே"ன்னு விவரமானவங்க கேப்பீங்க. உண்மை. 2023-ல கொடியைப் பிடுங்கிப் போட ஹெக்டேருக்கு 6,000 யூரோ கொடுத்தாங்க. ஆனா முதல்ல அடிபட்டது யாரு? பேரில்லாம மொத்தமா லிட்டர் கணக்குல வித்தவங்க. லு பேன் கொடியை யாரும் பிடுங்கல. என் கட்சிக்கு இதைவிட சாட்சி வேணாம்.

2023 செப்டம்பர்ல எங்க சனங்க ஆதார விலை கேட்டுத் தொடர் உண்ணாவிரதம் இருந்தாங்க. அந்தக் கோரிக்கை நியாயமானது, நானும் அவங்க பக்கம்தான். ஆனா ஆதார விலை மூழ்காம காப்பாத்தும், கரை சேர்க்காது. கரை சேரணும்னா பாக்கெட்டுல பேர் வேணும்.

பக்கத்துத் தோட்டம் போன வருஷம் காட்டேஜ் ஆயிடுச்சு. எங்க ரெண்டு ஏக்கருக்கும் ஆள் வந்து கேட்டுட்டுப் போயிருக்காங்க. "என்னப்பா சொல்ற?"ன்னு அப்பா போன்ல கேக்கிறார். கொடுக்க வேணாம்னு சொல்லிட்டேன். ஆனா வெறும் பிடிவாதத்துல எத்தனை வருஷம் ஓட்ட முடியும்?

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை டீத்தூள் வாங்கும்போது கடைக்காரர்கிட்ட "இது எந்த ஊர் இலைங்க?"ன்னு கேளுங்க. அவருக்குத் தெரியாது. பரவாயில்லை, கேளுங்க. பத்துப் பேர் கேட்டா அவர் ஏஜென்சிக்காரரைக் கேப்பார்.

மாத்துக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல வாங்க, பேசுவோம்.

டிஸ்கி: இது குடியை ஆதரிச்சு எழுதின பதிவு இல்லை. டீயை ஆதரிச்சு எழுதினது :-)