விண்ணுக்குப் போகட்டும் நம்ம விதை நெல்!



"ராக்கெட், சாட்டிலைட் எல்லாம் பட்டணத்துப் பிள்ளைங்களுக்குத்தான், நமக்கு எதுக்குடா?" என்று என் நண்பன் கேட்டான். அது தப்பு என்பதே என் கருத்து.

கரூர் மாவட்டம் பள்ளப்பட்டி ரிஃபாத் ஷாரூக் குழுவினர் செய்த 64 கிராம் 'கலாம்சாட்' 2017 ஜூன் 22-ல் நாசா ராக்கெட்டில் பறந்தது. மாணவர்களுக்கான 'க்யூப்ஸ் இன் ஸ்பேஸ்' போட்டியில் தேர்வானது அது. நம்ம தஞ்சாவூர் கரந்தை ரியாஸ்தீன் செய்த 33 கிராம் கருவியும் 2020-ல் இதே போட்டியில் தேர்வானது. கரந்தை நமக்கு எட்டாத தூரமா?

ஒரு விஷயம். கலாம்சாட்டை எல்லாரும் 'செயற்கைக்கோள்' என்றார்கள். ஆனால் 2017-ல் அது பூமியைச் சுற்றவில்லை. மேலே போய், சில நிமிஷம் எடையற்ற நிலையில் இருந்துவிட்டு இறங்கியது. இதனால் பெருமை குறையாது. உள்ளதை உள்ளபடி சொல்வதுதானே அறிவியல்?

இந்தப் போட்டிகளில் முதலில் வேண்டியது பணம் இல்லை, நல்ல கேள்வி. அது நம்ம வயலிலேயே கிடக்கு! 1984-ல் நாசா 1 கோடியே 25 லட்சம் தக்காளி விதைகளை விண்ணுக்கு அனுப்பியது. 1990-ல் திரும்பி வந்த விதைகளை மாணவர்கள் பூமியிலேயே இருந்த விதைகளோடு சேர்த்து விதைத்து ஒப்பிட்டார்கள். நாம் ஆடுதுறை நெல்லை வைத்துக் கேட்கலாமே: பலூனில் 30 கி.மீ. உயரம் போய், கடுங்குளிரும் கதிர்வீச்சும் பட்டு வந்த விதை முளைக்குமா?

எங்க தாத்தா விதைப்புக்கு முன்னால் நூறு நெல்லை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, எத்தனை முளைச்சிருக்குன்னு எண்ணுவார். எண்பதுக்குக் குறைந்தால் அந்த விதையைத் தொட மாட்டார். சான்று விதைக்கும் அதே 80 சதவீதம்தான் அளவு! மேலே போன நூறு, வகுப்பிலேயே இருந்த நூறு. இரண்டையும் இப்படி எண்ணினால் அதுதான் சோதனை.

பலூன் விட அனுமதி வேணும், செலவும் ஆகும். ஆனால் திட்டம் எழுத ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஆகவே, ஆசிரியர்கள் வாரம் ஒரு மணி நேரம் ஆய்வகத்தைத் திறந்துவிட வேண்டும். குறுவையோ சம்பாவோ, வீட்டிலிருந்து ஒரு பிடி விதை நெல்லை நாங்க கொண்டு வருகிறோம்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு