தரிசில் பூக்கும் ஆவாரை

எம் ஊராகிய முத்தையாபுரத்தில் உப்பளங்களைக் கடந்து மேட்டு நிலங்களை நோக்கி நடப்பார்க்குச் சித்திரை வெயிலிலும் பொன்னிறங்காட்டி நிற்பது ஆவாரஞ்செடி. அதற்கு நீர் வார்ப்பாருமிலர், வேலியிட்டுக் காப்பாருமிலர். ஆயினும் அதனைத் தம் வீட்டு முற்றத்தில் வைத்து வளர்ப்பாரை யான் கண்டதில்லை. ‘தரிசில் கிடப்பதுதானே’ என்னும் இகழ்ச்சியே இதற்குக் காரணம் என்பது என் துணிபு.

தமிழ் பயில்வார்க்கு இவ்விகழ்ச்சி வியப்பைத் தரும். குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கிய மலர்களுள் ஆவிரையும் ஒன்று. மடலேறத் துணிந்த தலைவன் சூடியதும் இம்மலரே. (எருக்கும் பூளையும் உடன் சூடினான், ஆதலின் அக்காலத்தில் இதற்குப் பெருமதிப்பு இருந்ததென்று யான் வாதாடப் போவதில்லை.) நாம் மறந்ததைத் தெலுங்கானா மறக்கவில்லை, 2014-ஆம் ஆண்டில் இதனையே தன் மாநில மலராகக் கொண்டது. இலங்கையிற் சிங்களர் இதனை ‘ரணவரா’ என வழங்கி, உலர்ந்த பூவைத் தேநீர்போற் காய்ச்சிப் பருகுவர்.

நம் பாட்டிமாரும் இதன் பயனறிந்தவரே. உலர்ந்த பூவைப் பயற்றமாவுடன் கலந்து மேனியிற் பூசிக் குளிப்பர். தோல் பதனிடுவோர், தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வருமுன், ஆவாரம்பட்டையையே பெரிதும் நம்பியிருந்தனர். சித்த மருத்துவர் ‘ஆவாரைக் குடிநீர்’ என்பதனை நீரிழிவுக்குக் கொடுப்பர். ஆயின் இங்கு ஒன்று கூறாதிருத்தல் இயலாது. பூவைக் காய்ச்சிக் குடித்தாற் போதுமென்றெண்ணி மருத்துவர் தந்த மருந்தைத் தாமே நிறுத்துதல் பேதைமை. எம் தெருப் பெரியவர் ஒருவர் அங்ஙனம் நிறுத்திக் கால்விரல் இரண்டை இழந்தார். செடியைப் புகழ்வோர் இதனையும் சொல்லிப் புகழ்தல் வேண்டும்.

யான் ஆவாரையை வேண்டுவது மருந்துக்காக அன்று, நீருக்காக. தூத்துக்குடி மக்கள் பருகுவது வல்லநாட்டினின்று வரும் தாமிரபரணி நீர். கோடையில் எம் தெருவிற் குடங்கள் வரிசையில் நிற்கக் கண்டு விடுதிக்குத் திரும்பும் எனக்கு, இங்குப் புற்றரைக்கும் குரோட்டன்சுக்கும் நாள்தோறும் நீர் பாய்வதைக் காண மனம் ஒப்பவில்லை. ஆவாரை குச்சி குச்சியாய் நிற்கும், அழகன்று என்பர் நண்பர். கத்தரியாது விட்டால் எச்செடிதான் அழகு? ஆண்டுக்கொருமுறை கத்தரித்தால் அடர்ந்த வேலியாகும். விதையின் தோல் கடினமானது; வெந்நீரிலிட்டு ஓரிரவு ஊறவைத்து ஐப்பசி மழையில் ஊன்றுதல் வேண்டும். வேர் ஊன்றும்வரை சிறிது நீர் வார்த்தால் போதும்.

விடுதியின் தென்மதிலோரம் வெறுமையாய்க் கிடக்கிறது. அதனை எங்களுக்குத் தருமாறு யானும் என் அறைத்தோழரும் கேட்டிருக்கிறோம். ஒரு தகரப்பெட்டி நிறைய விதை சேர்த்தாயிற்று. இசைவு ஒன்றே வரவேண்டும்.