மார்க் போடுவது யார்?

தாய்மார்களிடமிருந்து வரும் சந்தேகங்களில் சில, நம் அம்மா காலத்தில் யாரும் கேட்டிருக்கவே முடியாதவை. ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “என் மகன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். கம்ப்யூட்டரில் பல பேர் சேர்ந்து ஆடுகிற ஏதோ ஒரு விளையாட்டு. ஒரு நாள், ‘அம்மா, இன்னிக்கு மூணு பேர் எனக்குப் பாராட்டு போட்டாங்க’ன்னு குதிக்கிறான். மறுநாள், ‘ஒருத்தர்கூடப் போடலே’ன்னு சாப்பாடு வேண்டாம்கிறான். முகம் தெரியாத யாரோ போடுற மார்க்குக்கு இவன் ஏன் இப்படி ஆடிப் போறான்? இதை விடலாமா, தடுக்கலாமா?”

நல்ல கேள்விதான். ஆனால் பதில் சொல்லுமுன் அந்த மார்க் என்ன, யார் யாருக்குப் போடுகிறார்கள் என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும். விஷயம் தெரியாமல் அதட்டினால், “உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்று ஒரே வார்த்தையில் நம் வாயை அடைத்துவிடுவார்கள், இல்லையா?

வேஷம் கட்டி ஆடும் ஆட்டம்

இந்த வகை விளையாட்டில் ஒவ்வொருவரும் ஒரு வேஷம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் போர்வீரர், ஒருவர் வைத்தியர், ஒருவர் மந்திரவாதி. வெவ்வேறு தேசங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் இன்டர்நெட் வழியாக ஒரே கற்பனை உலகத்தில் நடமாடுகிறார்கள். 1978-ல் இங்கிலாந்தின் எஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கிய ‘மட்’ என்ற விளையாட்டு இவற்றுக்கெல்லாம் முன்னோடி. அதில் படமே கிடையாது. எல்லாம் எழுத்துதான்!

இங்கே நல்ல பெயர் இரண்டு வழியாக வரும். ஒன்று, விளையாட்டே கொடுப்பது. 2004-ல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டில் ஒரு கூட்டத்தாருக்கு இன்னின்ன வேலை செய்து கொடுத்தால், அவர்களிடம் நம் மதிப்பு இவ்வளவு கூடும் என்று கணக்கு உண்டு. அந்தக் கூட்டத்தார் நிஜ மனிதர்கள் இல்லை. கம்ப்யூட்டர் ஆட்டிவைக்கும் பொம்மைகள். மற்றது, கூட ஆடும் மனிதர்களே ஒருவருக்கொருவர் கொடுப்பது. சந்தோஷம், சங்கடம் இரண்டும் வருவது இதில்தான்.

இப்படி ஒரு ஏற்பாடு எதற்கு? நம் தெருவில் சீட்டு பிடிக்கும் அம்மாள் நாணயமானவரா என்று எப்படித் தெரிந்துகொள்கிறோம்? அக்கம்பக்கத்தில் நாலு பேரை விசாரிக்கிறோம். அங்கேயோ ஆயிரக்கணக்கான பேர், எல்லாம் புனைபெயர், இன்று பார்த்தவரை நாளை பார்ப்போமா என்பதே நிச்சயமில்லை. அக்கம்பக்கம் செய்யும் வேலையை ஒரு மார்க் செய்யட்டும் என்று நினைத்தார்கள். நினைப்பு நல்லதுதான். நடந்தது என்ன என்று கேளுங்கள்.

சிவப்பு எழுத்தில் பெயர்

1997-ல் அமெரிக்காவில் ‘அல்டிமா ஆன்லைன்’ என்ற விளையாட்டு வந்தது. ஆளில்லாத காட்டு வழியில் புதியவர்களை மடக்கிக் ‘கொன்று’, அவர்கள் பாடுபட்டுச் சேர்த்ததை அள்ளிக்கொண்டு போகும் கூட்டம் ஒன்று அதில் தலையெடுத்தது. செத்தவர் மறுபடி எழுந்து ஆடலாம். ஆனால் பொருள் போனது போனதுதானே!

இதைத் தடுக்க ஒரு வழி செய்தார்கள். கொல்லப்பட்டவரிடம், “உன்னைக் கொன்றவர் மேல் கொலைக் குற்றம் பதிவு செய்கிறாயா?” என்று விளையாட்டே கேட்கும். ஐந்து பேர் அப்படிப் பதிவு செய்துவிட்டால் அந்த ஆசாமியின் பெயர் சிவப்பு எழுத்தில் தெரியும். காவல் உள்ள நகரத்துக்குள் அவர் காலெடுத்து வைத்தால் காவலர்கள் விடமாட்டார்கள். அடிபட்டவர் வாய்க்கு மதிப்புக் கொடுத்த நல்ல ஏற்பாடு இது.

ஆனாலும் போதவில்லை. புகார் எழுதும்போது பொருள் ஏற்கெனவே போயிருக்கும். சிலருக்குச் சிவப்புப் பெயரே பெருமையாகிவிட்டது! வேறு சிலர் தங்கள் பெயர் கெடாதபடி, எதிராளியையே தப்புச் செய்யத் தூண்டிவிட்டு அடித்தார்கள். கடைசியில் 2000-ல் உலகத்தையே இரண்டாக்கி, ஒருவரையொருவர் இஷ்டப்படி கொல்ல முடியாத பத்திரமான பகுதி ஒன்றைத் தனியாக அமைத்தார்கள். மார்க்கால் மட்டும் ஒழுங்கு வந்துவிடாது என்பதற்கு இது முதல் பாடம்.

பணம் கொடு, இல்லையேல் பெயர் போகும்!

அடுத்த கதை இன்னும் மோசம். 2002 டிசம்பரில் ‘தி ஸிம்ஸ் ஆன்லைன்’ வந்தது. சண்டை, சச்சரவு இல்லை. வீடு கட்டலாம், விருந்தாளிகளை அழைக்கலாம், சேர்ந்து வேலை செய்து சம்பாதிக்கலாம். குடும்பப் பாங்கான விளையாட்டு என்றே சொல்லலாம். இதில் ஒருவர் மற்றவரை நம்பத்தக்க நண்பர் என்று குறித்தால் பச்சை. நம்பத்தகாதவர் என்று குறித்தால் சிவப்பு. புதிதாக ஒருவரைச் சந்திப்பவர் அவருடைய வட்டத்தைப் பார்த்தாலே பச்சை அதிகமா சிவப்பு அதிகமா என்று தெரிந்துவிடும்.

எவ்வளவு வசதி என்று தோன்றுகிறதல்லவா? ‘மாஃபியா’ என்று பெயர் வைத்துக்கொண்ட சில கும்பல்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. புதிதாக வந்த ஆளைப் பிடித்து, “உன் கையிலிருக்கும் காசையெல்லாம் கொடு. இல்லாவிட்டால் நாங்கள் எல்லாரும் சேர்ந்து உன்னைச் சிவப்பாக்கிவிடுவோம். அப்புறம் உன் வீட்டு வாசலை ஒருத்தரும் மிதிக்க மாட்டார்கள்” என்று மிரட்டினார்கள். புதியவருக்கு நண்பர்களே இன்னும் சேராத நேரம். நாலு சிவப்பு விழுந்தாலே வட்டம் முழுக்கச் சிவப்பு. வேறு வழி? கொடுத்துத் தொலைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கெட்ட மார்க் போடுகிறவருக்கு நஷ்டம் ஏதுமில்லை. அந்த ஆளோடு ஒரு நாளாவது பழகியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே அந்த ஊர் வாயையே கத்தியாகத் தீட்டிக்கொண்டார்கள்! அந்த விளையாட்டு 2008-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் “உன் பெயரைக் கெடுத்துவிடுவேன்” என்ற மிரட்டல் எந்த விளையாட்டில் வேண்டுமானாலும் வரலாம்.

மொய் வைத்த மார்க்

கெட்ட மார்க்தான் இப்படி. நல்ல மார்க்கால் கெடுதல் வராது என்கிறீர்களா? 2003-ல் தொடங்கிய ‘செகண்ட் லைஃப்’ என்ற கற்பனை உலகத்தைப் பாருங்கள். அங்கே ஒருவரின் நடத்தை, தோற்றம், கட்டடம் கட்டும் திறமை ஆகியவற்றுக்கு மற்றவர்கள் மதிப்பு கொடுக்கலாம். ஆரம்ப காலத்தில், நல்ல மதிப்பு அதிகம் வாங்கியவருக்கு வாராவாரம் வரும் கைச்செலவுப் பணமும் கொஞ்சம் கூடும். பிறகு கேட்பானேன்? மார்க் போடுவதற்கென்றே விருந்து வைத்தார்கள்! வந்தவர்கள் எல்லாரும் எல்லாருக்கும் போட்டுவிட்டுப் போனார்கள்.

நம் ஊர் மொய் போலத்தான். நீ என் வீட்டு விசேஷத்துக்கு வைத்தால் நான் உன் வீட்டு விசேஷத்துக்கு வைக்கிறேன். மொய்யில் தப்பில்லை; அது உறவுக் கணக்கு. ஆனால் மொய் நோட்டைப் பார்த்து ஒருவருடைய குணத்தை எடை போட முடியுமா? அந்த மார்க்குக்கும் அதே கதிதான். மதிப்பிழந்துபோய், 2007-ல் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள்.

ஒரே ஒரு பாராட்டு

இனி ஒரு நல்ல உதாரணம். ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் 2013-ல் புதுப்பித்து வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’ இன்றும் நடக்கிறது. அதில் முன்பின் தெரியாத நாலு பேரை ஒரு குழுவாகச் சேர்த்து ஒரு காரியத்தை முடிக்க அனுப்புவார்கள். ஒருவர் முன்னால் நின்று அடி தாங்குவார், ஒருவர் வைத்தியம் பார்ப்பார், மற்ற இருவர் எதிரியைத் தாக்குவார்கள். காரியம் முடிந்ததும் ஒவ்வொருவர் கையிலும் ஒரே ஒரு பாராட்டு இருக்கும். கூட ஆடியவர்களில் யாராவது ஒருவருக்குக் கொடுக்கலாம்.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். சேர்ந்து வேலை செய்தவருக்குத்தான் கொடுக்க முடியும். கூடவே அழைத்து வந்த சிநேகிதருக்குக் கொடுக்க முடியாது. ஆகவே மொய்க்கு இடமில்லை. கெட்ட மார்க் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆகவே மிரட்டலுக்கும் இடமில்லை. யாராவது அசிங்கமாக நடந்துகொண்டால் நிர்வாகத்திடம் புகார் கொடுக்கலாம். அது தனி வழி. பாராட்டு நிறையச் சேர்ந்தால் பட்டப் பெயர், சவாரி செய்ய அழகான வாகனம் என்று சின்னச் சின்னப் பரிசுகள் உண்டு.

வாசகியின் மகன் ஆடுவது இந்த விளையாட்டோ இது போன்ற வேறொன்றோ, கணக்கு ஒன்றுதான். நாலு பேர் குழுவில் மொத்தமே நாலு பாராட்டு. சிலர் அவசரமாக யாருக்கும் கொடுக்காமலே போய்விடுவார்கள். வைத்தியரும் முன்னால் நிற்பவரும் ஒவ்வொருவர்தான். அவர்கள் செய்தது பளிச்சென்று தெரியும். தாக்குகிறவர்கள் இருவர் என்பதால் யார் என்ன செய்தார் என்பது அவ்வளவாகக் கண்ணில் படாது. ஆக, ‘ஒன்றும் வரவில்லை’ என்பதற்கு ‘நீ மோசம்’ என்று அர்த்தமே இல்லை. இதைப் பிள்ளையிடம் ஒரு தாளில் எழுதிக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பாதி வருத்தம் அங்கேயே கரைந்துவிடும்.

அம்மா கேட்க வேண்டியவை

விடலாமா, தடுக்கலாமா என்று ஒரே பேச்சில் முடிவு கட்டாமல், பிள்ளை நல்ல மனநிலையில் இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து இவற்றைக் கேளுங்கள்:

1. இந்த மார்க்கை யார் போடலாம்? கூட ஆடியவர் மட்டுமா, வழியில் போகிறவருமா?

2. கெட்ட மார்க் உண்டா? அதைக் காட்டி உன்னை யாராவது பயமுறுத்தியிருக்கிறார்களா?

3. மார்க் போடுகிறேன் என்று சொல்லி உன்னிடம் யாராவது பணம், பாஸ்வேர்டு, போட்டோ, போன் நம்பர் கேட்டார்களா?

4. மார்க் குறைந்தால் நிஜமாகவே ஏதாவது ஆட முடியாமல் போகுமா, அல்லது மனசுக்குத்தான் கஷ்டமா?

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அலட்சியம் வேண்டாம். அந்தப் பேச்சைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அந்த ஆளைத் தடை செய்யச் சொல்லுங்கள். விளையாட்டு நிர்வாகத்துக்குப் புகார் அனுப்புங்கள். பணம் போயிருந்தாலோ, போட்டோவைக் காட்டி மிரட்டினாலோ, மத்திய அரசின் சைபர் குற்ற உதவி எண் 1930-ல் தயங்காமல் சொல்லுங்கள். முக்கியமாக, பிள்ளையைத் திட்டாதீர்கள். “சொன்னா அம்மா கம்ப்யூட்டரைப் பிடுங்கிடுவா” என்ற பயம்தான் மிரட்டுகிறவனுக்குப் பெரிய பலம். அந்தப் பயம் இருக்கும்வரை பிள்ளை ரகசியமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

சாப்பாடு, தூக்கம், படிப்பு கெட்டால் நேரத்தைக் குறைக்கத்தான் வேண்டும். அதில் கண்டிப்பாக இருங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு அரை மணி முன்பே ஆட்டம் முடிந்துவிட வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். அப்போதுதான் அந்த மார்க்கின் சூடு சோற்றுத் தட்டு வரை வராது.

ஆட்டம் முடிந்து எழுந்து வரும் பிள்ளையிடம், “இன்னிக்கு எத்தனை பாராட்டு வந்தது?” என்று மட்டும் கேட்காதீர்கள். அது இன்னொரு பரீட்சை மார்க் ஆகிவிடும். அதற்குப் பதிலாக, “இன்னிக்கு நீ யாருக்குப்பா கொடுத்தே? அவர் என்ன செஞ்சார்?” என்று கேளுங்கள். முதல் சில நாள் முழிப்பான். பிறகு, “அந்த வைத்தியர் கடைசி வரைக்கும் எங்களை விடாமக் காப்பாத்தினாரும்மா” என்று சொல்ல ஆரம்பிப்பான். எத்தனை பேர் தனக்கு மார்க் போடுவார்கள் என்பது அவன் கையில் இல்லை. தன்னிடம் உள்ள ஒன்றை யாருக்குக் கொடுப்பது என்பது முழுக்க அவன் கையில்தான் இருக்கிறது. அடுத்தவர் செய்த நல்லதைப் பார்க்கப் பழகிய பிள்ளைக்கு, தனக்கு ஒன்றும் வராத நாளிலும் சோறு இறங்கும்.