சுவரும் சித்திரமும்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். சுவர் எழுப்புகிறவரும் சித்திரம் எழுதுகிறவரும் ஒருவராகவே இருக்கக் கூடாதா? இதுவே என் கேள்வி.

என் தந்தை கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா வேலை செய்யும் இடங்களில் செங்கல் துண்டால் தரையெங்கும் படம் வரைந்து வளர்ந்தவன். கணக்கிலும் நல்ல மதிப்பெண். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், "பொம்மை போட்டால் சோறு வருமா?" என்றார் பெரியப்பா. "இன்ஜினீயரிங் என்றால் லட்சக்கணக்கில் ஆகுமே!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டையும் சேர்த்துப் படிக்க வழியுண்டு என்று சொல்ல ஒருவருமில்லை. கட்டணம் குறைவு என்று இங்கே சேர்ந்தேன். இக்கல்லூரி எனக்கு இயற்பியலை நேசிக்கக் கற்றுத் தந்தது, அதில் குறையில்லை. ஆனால் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் தங்கையும் வரைகிறாள். அவளுக்காகத் தேடியபோதுதான் என் கண் திறந்தது.

மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கப்பெற்ற அரசுக் கல்லூரியில் மரபுக் கட்டடக்கலைக்கு பி.டெக். பட்டமே உண்டு. சிற்பமும் ஓவியமும் அங்கேயே கற்பிக்கப்படுகின்றன. அதன் முதல்வராக இருந்த கணபதி ஸ்தபதி வடித்ததுதான் குமரிமுனை வள்ளுவர் சிலை. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்குப் பீடம் 38 அடி. மற்ற இரு பால்களின் 95 அதிகாரங்களுக்குச் சிலை 95 அடி. 2000 ஜனவரி 1-ஆம் நாள் திறக்கப்பட்ட அச்சிலை, 2004-இன் ஆழிப்பேரலையிலும் அசையாமல் நின்றது. அதில் கலை எங்கே முடிகிறது, பொறியியல் எங்கே தொடங்குகிறது? கோடு கிழித்துக் காட்டுவார் யார்?

ஐந்தாண்டு பி.ஆர்க். படிப்பும் இத்தகையதே. அதற்கு 'நாட்டா' போன்றதொரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கணிதமும் படித்திருக்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் சேர்க்கையில் 2021 முதல் 7.5 விழுக்காடு இடம் உண்டு. கட்டணத்தை அரசே ஏற்கிறது. நானும் அரசுப் பள்ளி மாணவனே. இதை அறியாமலே விண்ணப்பிக்காமல் விட்டேன்!

கல்லூரியைப் பெயர் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நேரில் சென்று மூன்றைப் பாருங்கள். பட்டறையில் மாணவர் கையே அழுக்காகிறதா, அல்லது கருவிகள் பூட்டிக் கிடக்கின்றனவா? வரைதல் மதிப்பெண்ணுள்ள பாடமா, ஆண்டு விழா மேடையை அலங்கரிக்க மட்டும்தானா? கட்டணத்தோடு தாள், வண்ணம், மாதிரி செய்யும் அட்டை ஆகியவற்றுக்கு என்ன செலவாகும்? மூன்றாவதை அங்கே படிக்கும் ஏழை மாணவரிடம் கேளுங்கள். அவர் உண்மையைச் சொல்வார்.

என் தந்தை தூக்குக்குண்டு பிடித்து, ஒரு கண்ணை மூடிச் சுவரைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் கணக்கும் உண்டு, அழகும் உண்டு. பள்ளிதான் அவற்றை இரண்டாகப் பிரிக்கிறது.

முதல் பட்டதாரிகளாகிய நண்பர்களே! நம் வீட்டில் வழி சொல்ல ஆளில்லை. நம் தம்பி தங்கையருக்கு நாம் இருக்கிறோம். இக்கோடை விடுமுறையில் ஒரு நாள், நாம் படித்த பள்ளிக்குச் சென்று பத்தாம் வகுப்பு மாணவரிடம் பேசுவோம். பதினோராம் வகுப்பில் கணிதத்தை விட்டபின் சொல்லிப் பயனில்லை.