பிள்ளைகளைக் காப்பது தாயின் கடமை மட்டுமா?

கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அங்கு உழைத்துவந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், வாழ்வாதாரத்தை இழந்தன. அன்றுமுதல் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் ரயிலேறி, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவில் வேலை செய்து, இரவில் வீடு திரும்புகின்றனர். தாயும் தகப்பனும் இல்லாத பகற்பொழுதுகளில்தான் பல லைன் வீடுகளில் பிள்ளைகள் பருவமடைந்து வளர்கின்றனர்.

இத்தகைய வீட்டுப் பெண்பிள்ளை காதல்வயப்பட்டாலோ கருவுற்றாலோ, பழி தாயின் மீதே விழுகிறது. தனித்து வாழும் தாயானால் ஏச்சு இருமடங்காகிறது. பெற்றோரின் கவனிப்பும் மனம்விட்டுப் பேசும் பழக்கமும் வளரிளம் பருவத்தினரைக் காக்கின்றன என்று பல நாட்டு ஆய்வுகள் கூறுவது உண்மையே. ஆனால், பேசுவதற்கான நேரத்தை அந்தத் தாயிடமிருந்து பறித்தது எது? உள்ளூரில் வேலையின்மையும், குறைந்த கூலியும், நீண்ட பயணமுமே. தாய், தகப்பன் இருவரும் இருக்கும் வீடு தானாகவே பாதுகாப்பானதும் அல்ல. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை வழக்குகளில் மிகப் பெரும்பாலான குற்றவாளிகள் பாதிக்கப்பட்டவருக்கு அறிமுகமானவர்களே என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன.

அச்சம் சூழ்ந்த பெற்றோர் திருமணத்தையே பாதுகாப்பாகக் கருதுகின்றனர். கர்நாடகத்தில் 20 முதல் 24 வயது வரையிலான பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் 18 வயதுக்கு முன்பே மணமுடிக்கப்பட்டவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. படிப்பு நின்று, உடல் முதிருமுன் பிரசவம் நேரும் வாழ்வைப் பாதுகாப்பு என்பது கொடுமை. மறுபுறம், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் இசைவை ஏற்பதில்லை. தகவலறிந்தவர் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும். வன்முறையிலிருந்து குழந்தைகளைக் காக்க இச்சட்டம் இன்றியமையாதது. ஆயினும், வழக்குக்கு அஞ்சி மருத்துவமனை வாசலையே மிதிக்காத சிறுமியின் உயிருக்கு யார் பொறுப்பு?

அறிவு தரவேண்டிய அரசோ பின்வாங்கியது. பள்ளிகளில் பாலியல் கல்வியை 2007இல் எதிர்த்த மாநிலங்களுள் கர்நாடகமும் ஒன்று. 10 முதல் 19 வயதினருக்கு ஆலோசனையும் சிகிச்சையும் வழங்க 2014இல் ஒன்றிய அரசு தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் லைன் வீடுகளின் வாசல்வரை வந்தாக வேண்டும்.

தங்கவயல் அரசு மருத்துவமனையில் தமிழிலும் கன்னடத்திலும் பேசும் ஆலோசகர்கள், பள்ளிகளில் வயதுக்கேற்ற பாலியல் கல்வி, பள்ளி முடிந்தபின் பிள்ளைகள் தங்கிப் படிக்க மையங்கள், உள்ளூரிலேயே வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்காக மாதர், இளைஞர், மாணவர் அமைப்புகள் ஒன்றிணைந்து போராட வேண்டும். நம் தோழர்களின் வீடுகளிலும் பிள்ளைகளுடன் இதுபற்றிப் பேசும் துணிவு பிறக்க வேண்டும். தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை முதலில் நிறுத்துவோம்.